கிழக்கின் பாரிசில் ரூம் தேடும் மருமகனுக்கு

மருமகனே, சேதி காதுக்கு வந்துச்சு. கல்யாணம் முடிஞ்ச கையோட பாரிசுக்குக் கூட்டிட்டுப் போறியான்னு பொண்ணு கேட்டுச்சாம். நீயும் புது மாப்பிள்ளை முறுக்கில சரின்னு தலையாட்டிட்டு, அப்புறமா டிக்கெட் விலையைப் பாத்துட்டு அந்தமான்னு மாத்திட்டியாம். நல்ல காரியம். பாரிசில ரயிலுக்குள்ளயே பர்ஸை அடிச்சிருவான், எந்த வட்டாரத்தில ரூம் எடுக்கணும், எங்க எடுக்கக் கூடாதுன்னு போயிட்டு வந்தவன் நாலு பேரு நாலு விதமா பயமுறுத்துவான். இங்க அந்த வம்பெல்லாம் இல்ல. இங்க யாரும் உன் பர்ஸைத் தொட மாட்டான். நீயாத்தான் திறந்து நீட்டுவே.

பொண்டாட்டிகிட்ட பொய் சொன்னதா ஆயிருமோன்னு பயப்படாதே. எங்ககிட்டயும் ஒரு பாரிஸ் இருக்கு. போர்ட் பிளேர் ஜெட்டியிலேர்ந்து பாத்தா எதுக்கவே தெரியும், ராஸ் தீவு. 2018 டிசம்பர்ல நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவுன்னு பேரை மாத்தினாங்க. வெள்ளைக்காரன் காலத்தில அதுக்குக் ‘கிழக்கின் பாரிஸ்’னே பட்டப்பேரு. பேக்கரி, சர்ச், நடன மண்டபம், டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம்னு ஒண்ணு பாக்கியில்லாம இருந்துச்சு. எல்லாம் காலாபானிக் கைதிங்க காட்டை வெட்டி, கல்லு சுமந்து கொடுத்த சுகம். துரைமார் ஆடிக்கிட்டு இருந்தாங்க. 1941 ஜூன் 26-ஆம் தேதி பூமியும் சேந்து ஆடுச்சு. கட்டடமெல்லாம் வாயைப் பிளந்ததும் துரைமார் மூட்டையைக் கட்டிட்டாங்க. அடுத்த வருஷம் மார்ச்சில ஜப்பான்காரன் வந்து எறங்கினான். இப்ப அங்க மரத்து வேருதான் செவுத்தைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு, மானும் மயிலும் குடித்தனம் பண்ணுது. 1979-லேர்ந்து கப்பற்படை கையில இருக்கு. ராத்திரி தங்க விட மாட்டாங்க. ஆகையினால, ‘எந்த ஏரியா சேஃப் மாமா’ன்னு நீ கேட்ட கேள்விக்குக் கிழக்கின் பாரிசைப் பொறுத்தவரைக்கும் பதில் இதுதான்: எல்லா ஏரியாவும் சேஃப், சாயங்காலக் கடைசிப் படகை விடாமப் பிடிச்சா.

டிக்கெட்ல ஸ்ரீ விஜயபுரம்னு போட்டிருந்தா, வேற ஊருக்கு ஏத்திட்டாங்கன்னு ஏர்ஹோஸ்டஸ்கிட்ட சண்டை போடாதே. 2024 செப்டம்பர்ல போர்ட் பிளேருக்கு வச்ச பேரு அது. ஆட்டோக்காரன் இன்னும் போர்ட் பிளேர்னுதான் சொல்லுவான். சோழன் கப்பற்படைக்குத் தளமா இருந்த தீவுன்னு பேரு வச்சப்ப டெல்லியில சொன்னாங்க. ராஜேந்திர சோழன் தஞ்சாவூர்க் கல்வெட்டில நிக்கோபாரை மாநக்கவாரம்னு வெட்டி வச்சிருக்கான். படை எந்த லாட்ஜில தங்குச்சுன்னு மட்டும் வெட்டி வைக்கல. வெட்டியிருந்தா அதையும் உன் லிஸ்டில சேத்திருப்பே.

லிஸ்டுன்னதும் ஞாபகம் வருது. நீ வாட்ஸப்ல அனுப்பின ஏழு இடத்தையும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணா பாத்தேன். அதில ஆறைப் பத்தித்தான் இப்பப் பேசப் போறேன்.

ஆறிலயும் ‘சீ வியூ’ன்னு போட்டிருக்கு. அப்பா சாமி, இது மேடும் பள்ளமுமான ஊரு. எந்த மேட்டில நின்னாலும் ஏதாவது ஒரு சந்து வழியா கடல் தெரியத்தான் செய்யும். தெரியாத ரூமைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். பழைய செவப்பு இருபது ரூபா நோட்டு கையில இருந்தா திருப்பிப் பாரு. தென்னமரத்துக்கு அந்தாண்ட கடல், மலை, லைட் ஹவுஸ். போர்ட் பிளேர் சர்க்கார் விடுதிப் பக்கமிருந்து மவுண்ட் ஹாரியட் மலையைப் பாத்தா தெரியற அதே காட்சி. சர்க்காரே அந்த வியூவுக்கு வச்ச விலை இருபது ரூபா. நீ அதுக்கு ராத்திரிக்கு மூவாயிரம் கூடக் கொடுக்கறேங்கறே. கொடு, கொடு. பொண்டாட்டி பக்கத்தில இருக்கும்போது ஆம்பிளை கணக்குப் பாக்கக் கூடாது.

அதிலயும் மூணாவது லாட்ஜுக்காரன் கெட்டிக்காரன். வாசல்லயே வெள்ளை மணல், பச்சைத் தண்ணி, பின்னால காடுன்னு போட்டோ போட்டிருக்கான். அது ராதாநகர் கடற்கரைடா. 2004-ல டைம் பத்திரிகை ஆசியாவிலயே அழகான கடற்கரைன்னு எழுதினதே, அது. அது இருக்கிறது ஹாவ்லாக் தீவில. இப்ப ஸ்வராஜ் தீவுன்னு பேரு. அந்த லாட்ஜ் வாசல்லேர்ந்து ராதாநகருக்குப் போகணும்னா ஆட்டோவில ஜெட்டி, அங்கேர்ந்து கப்பல்ல ஒண்ணரை மணியோ ரெண்டரை மணியோ, எறங்கி மறுபடி பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் வண்டி. ‘நடந்து போகும் தூரம்’னு போட்டிருக்கிறதும் பொய்யில்ல. கடல் மேல நடக்கத் தெரிஞ்சவனுக்கு.

இடம் பாத்துத் தங்கறதில ஏமாந்தது நீ மட்டும்னு நினைச்சு மனசு ஒடிஞ்சு போகாதே. இந்த ஊரே அப்படித்தான் ஆரம்பிச்சுது. 1789-ல ஆர்ச்சிபால்டு பிளேர்னு ஒரு கப்பல்காரன் வந்து சாத்தம் தீவில குடியேத்தம் போட்டான். மூணு வருஷத்தில, வடக்க இருக்கிற துறைமுகம் இன்னும் பெருசு, கப்பல் கட்டி நிறுத்தத் தோதுன்னு மேல உள்ளவங்க எல்லாரையும் அங்க மாத்தினாங்க. துறைமுகம் பெருசுதான், காய்ச்சலும் பெருசு. ஆளுங்க செத்துச் செத்து விழுந்ததில 1796-ல கடையைச் சாத்திட்டுக் கிளம்பிட்டாங்க.

அப்புறம் 1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் வாக்கர்னு ஒருத்தர் இருநூறு கைதிங்களோட வந்து எறங்கினாரு. சிப்பாய்க் கலகத்தில பிடிபட்டவங்க. கப்பல் டிக்கெட், தங்க இடம், சாப்பாடு, கூட வர்ற கைடு எல்லாம் கம்பெனி செலவு. அந்தமானுக்கு வந்த மொதல் டூர் பேக்கேஜ் அதுதான். ஒரே ஒரு குறை, திரும்பற டிக்கெட் கிடையாது. அவரும் மொதல்ல சாத்தம் தீவிலதான் எறங்கினாரு. நல்ல இடந்தான், குடிக்கத் தண்ணி பத்தல. ராஸ் தீவுக்கு மாறிப் போனாரு. அந்தத் தீவுதான் பின்னால பாரிஸ் ஆச்சு.

தண்ணி. அந்த டாக்டருக்கு வந்த அதே பிரச்சினைதான் இன்னைக்கும். இந்த ஊருக்குத் தண்ணி கொடுக்கிறது தனிக்காரி அணை. வருஷத்தில பாதிக்கு மேல மழைக்காலமா இருக்கிற தீவு, ஆனா பங்குனி சித்திரை வந்தா அணை அடிவயித்தைக் காட்டும். குழாயில ரெண்டு நாளைக்கு ஒருக்க, மூணு நாளைக்கு ஒருக்கன்னு தண்ணி விடுவாங்க. லாட்ஜுக்காரன் லாரித் தண்ணி வாங்கி ஓட்டணும். நீ வர்றது சரியா அந்த மாசம். நீ போன் பண்ணி, ஏசி இருக்கா, வைஃபை இருக்கா, பால்கனியில ஊஞ்சல் இருக்கான்னு கேட்டியாமே. அவன் எல்லாத்துக்கும் ‘ஹாங் ஜி, ஹாங் ஜி’ன்னு சொல்லியிருப்பான். தொட்டி எத்தனை லிட்டர், கரண்டு போனா ஜெனரேட்டர் உண்டான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாரு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. அந்த நேரத்தை வச்சு லாட்ஜை எடை போடு. இந்த ஊருக் கரண்டு பெரும்பாலும் டீசல் எரிச்சு வர்ற கரண்டு, டீசலும் கப்பல்ல வரணும். வைஃபையை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். 2020 ஆகஸ்டிலதான் சென்னையிலேர்ந்து கடலுக்கடியில கேபிள் இழுத்து விட்டாங்க. அதுக்கு முன்னால ஒரு போட்டோ போறதுக்குள்ள நாங்க ஒரு தூக்கம் தூங்கி எந்திரிப்போம். நிம்மதியா இருந்துச்சு, உன் லிஸ்டெல்லாம் வராது.

ஏரியாவுக்கு வரேன். அபர்தீன் பஜார், மணிக்கூண்டைச் சுத்தி. இட்லிக்கடை, மருந்துக்கடை, ஏடிஎம், துணிக்கடை எல்லாம் காலடியில. ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி கிட்ட, செல்லுலார் ஜெயிலும் கிட்ட. ராத்திரி எட்டு, எட்டரை வரைக்கும் சனம் நடமாடும், பொண்டு புள்ளைங்க பயமில்லாமப் போய்வரலாம். குறை என்னன்னா ஹாரன் சத்தம், ரூமெல்லாம் தீப்பெட்டி. புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு ரூம் சின்னதா இருந்தா என்ன குறைங்கறே? அதுவும் சரிதான். நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஃபீனிக்ஸ் பே, ஹாடோ ரெண்டும் ஜெட்டிப் பக்கம். விடிகாலைக் கப்பலுக்கு ஓடறவனுக்குத் தோது. ஆனா டிக்கெட்டில எந்த ஜெட்டின்னு படிச்சுப் பாத்துக்கோ. ஹாடோவில ஏறவேண்டியவன் ஃபீனிக்ஸ் பேயில நின்னுக்கிட்டு, கண்ணு முன்னால போற கப்பலுக்கு டாட்டா காட்டறதை நான் மெரின் டிபார்ட்மென்ட்ல வேலை பாத்த காலத்திலேர்ந்து பாத்துக்கிட்டு வரேன். ஜங்கிளிகாட் மீன் எறங்கற துறை. வாடகை கொஞ்சம் சல்லிசா இருக்கும். மருமகப் பொண்ணு சுத்த சைவம்னு கேள்விப்பட்டேன், அங்க ரூம் போடு, ரெண்டே நாள்ல தாய்வீடு பாக்கலாம். டாலிகஞ்ச், காரச்சரமா, பிராத்ராப்பூர்ப் பக்கமெல்லாம் ஊருக்கு வெளிய அமைதியா இருக்கும். லாட்ஜில மிச்சம் பிடிச்ச காசை ஆட்டோக்காரன் பத்திரமா வாங்கி வச்சுக்குவான். கார்பைன்ஸ் கோவ்தான் ஊருக்குக் கிட்டத்தில குளிக்கிற கடற்கரை. பகல்ல கலகலன்னு இருக்கும், இருட்டினா ஆட்டோ கிடைக்காது. கையில பணம் தாராளமா இருந்தா மெரின் ஹில்ல சார்லஸ் கொரியா வரைஞ்சு கட்டின பே ஐலண்ட் ஓட்டல் இருக்கு. மலைச்சரிவை வெட்டாம, சரிவோடயே எறங்கி எறங்கிக் கட்டியிருக்கு. காப்பி மட்டும் குடிச்சிட்டு வந்தாலும் சீ வியூ கணக்கில வந்துரும். சர்க்கார் விடுதிங்களுக்கு ஹார்ன்பில் நெஸ்ட், மெகாபோட் நெஸ்ட்னு பறவைக் கூட்டோட பேரா வச்சிருக்காங்க. அதில மெகாபோடுங்கிறது முட்டையை மண்ணுக்குள்ள புதைச்சிட்டு அடைகாக்காமலே போயிரும் பறவை. ரூம் சர்வீஸ் எப்படி இருக்கும்னு பேரு வச்சவன் சூசகமா சொல்லியிருக்கான் போல.

பாஷைக்குப் பயப்படாதே. 2011 கணக்கெடுப்பில இங்க வங்காளம், இந்திக்கு அடுத்தது தமிழ்தான். வெற்றிமலை முருகன் கோயில்ல பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிற கூட்டத்தைப் பாத்தா நீ கப்பல் ஏறி வந்ததே சந்தேகமாப் போயிரும். ஆட்டோவில ஏறி இந்தியில திணறாதே, ‘எவ்வளவுண்ணே’ன்னு கேளு. பாதிப் பேரு தமிழ்லயே ஏமாத்துவான். அந்நியன் ஏமாத்தறதுக்கு அது எவ்வளவோ தேவலை.

நீ லிஸ்டில சேக்காத ஒரு இடமும் இருக்கு, செல்லுலார் ஜெயில். 1896-ல ஆரம்பிச்சு 1906-ல முடிச்சாங்க. ஏழு கிளையில இப்ப நிக்கிறது மூணுதான். ஒவ்வொரு ரூமும் நாலரை மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். யாரோடயும் பங்கு இல்ல, ராத்திரிக் காவல் இலவசம், அலைச் சத்தம் கேக்கும். காத்துக்கு மூணு மீட்டர் உசரத்தில ஒரு சின்ன ஓட்டை. ஒரு கிளையோட முகம் அடுத்த கிளையோட முதுகைப் பாக்கும்படி கட்டினான், ஒருத்தன் மூஞ்சியை இன்னொருத்தன் பாக்கக் கூடாதுன்னு. சுத்திப் பாத்துட்டு, ராத்திரி உன் லாட்ஜ் ரூமுக்குப் போய் அடியால அளந்து பாரு. எது பெருசுன்னு எனக்கு எழுது. அளக்கிறதுக்கு முன்னால, அந்த ஓட்டைக்குக் கீழ நின்னு ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இரு. எல்லாத்துக்கும் சிரிக்க வேண்டாம்.

இனி பத்திரம். திருட்டுப் பயம் உண்டான்னு கேட்டே. திருடன் எடுத்துக்கிட்டு எங்க ஓடுவான், சுத்திலும் கடலு. அதுக்காகக் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்காதே, நீந்தத் தெரிஞ்ச திருடனும் இருப்பான். இங்க பயப்பட வேண்டியது வேற. மொதல்ல இருட்டு. இந்தத் தீவு கல்கத்தாவுக்கும் கிழக்க, பர்மாவுக்குக் கீழ கிடக்கு. கடிகாரம் மட்டும் டெல்லிக் கடிகாரம். மார்கழியில சாயங்காலம் அஞ்சு, அஞ்சே காலுக்கெல்லாம் பொழுது அடைஞ்சிரும். ஏழு மணிக்கு பீச்சுக்கு வாக்கிங் போகலாம்னு உங்க ஊர்ப் பழக்கத்தில கிளம்பாதே.

ஏழு மணிக்கு ஜெட்டியில நின்னு ஒரு பெரிய மனுஷன் போய்ச் சேந்த கதை தெரியுமா? லார்டு மேயோ. இந்தியாவுக்கே வைஸ்ராய். 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி இங்க வந்தாரு. நாள் பூரா சுத்திப் பாத்தாச்சு, போலீசும் பட்டாளமும் ஓஞ்சு போயாச்சு. அப்பதான் அவருக்கு மவுண்ட் ஹாரியட் மேல ஏறணும்னு தோணுச்சு. ஆயிரம் அடிக்கு மேல உசரம். நோயாளிங்க தங்கி உடம்பு தேத்த அங்க ஒரு விடுதி கட்டலாமான்னு பாக்கப் போனாரு. உன் வேலையேதான், தங்க இடம் தேடறது. மேல போயி சூரியன் அடையறதை உக்காந்து ரசிச்சிட்டு, தீவட்டி வெளிச்சத்தில ஹோப் டவுன் ஜெட்டிக்கு எறங்கினாரு. படகில கால் வைக்கிற நேரத்துக்கு, இருட்டில ஒளிஞ்சிருந்த ஷேர் அலிங்கிற பட்டாணியக் கைதி முதுகில கத்தியை எறக்கிட்டான். சவரத் தொழில் பாத்துக்கிட்டிருந்த ஆளு. அடுத்த மாசம் 11-ஆம் தேதி அவனை வைப்பர் தீவில தூக்கில போட்டாங்க. நீ வைஸ்ராய் இல்ல, உன்னைக் குத்த எவனுக்கும் நேரமில்ல. இருந்தாலும் சூரியன் அடையறதைப் பாக்கணும்னு மருமகப் பொண்ணு மலைக்கோ சிடியாட்டாப்புக்கோ இழுத்தா, திரும்பறதுக்கு வண்டியைக் காத்திருக்கச் சொல்லிட்டுப் போ. ஒருவழி ஆட்டோவில போய் எறங்கிட்டு, சூரியன் போன பிற்பாடு ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிற ஜோடிங்க எத்தனை! காதல்னு நினைச்சிராதே, சண்டை அங்கதான் ஆரம்பிக்கும்.

ரெண்டாவது, முதலை. குளத்தில வளர்ற சாதி இல்ல, உப்புத்தண்ணி முதலை. ஓடை கடல்ல சேர்ற இடம், அலையாத்திக் காடு, பாறை மறைவு இதெல்லாம் அதுக்கு வீட்டு வாசல். 2010 ஏப்ரல்ல ராதாநகருக்குப் பக்கத்தில நீல்ஸ் கோவ்ங்கிற இடத்தில நீந்திக்கிட்டிருந்த அமெரிக்கப் பொண்ணை முதலை கொன்னுபோட்டுது. வண்டூர்ல, கார்பைன்ஸ் கோவ்ல எல்லாம் எச்சரிக்கைப் பலகை வச்சிருக்காங்க. நம்மாளு அந்தப் பலகையில சாஞ்சுக்கிட்டு செல்ஃபி எடுக்கிறான். குளிக்கவிடாத இடத்தில குளிக்காதே. ராதாநகர்ல காவல்காரன் விசிலடிச்சா உன்னைத்தான், பக்கத்தில இருக்கிறவனை இல்ல.

மூணாவது படகு. இதில கேலி வேண்டாம் மருமகனே. 2014 ஜனவரி 26, குடியரசு நாள். ராஸ் தீவு, நார்த் பே சுத்திக் காட்டப் போன அக்வா மரைன்ங்கிற படகு ஊருக்குக் கண்ணெட்டற தூரத்தில கவுந்துச்சு. இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. பெரும்பாலும் காஞ்சிபுரத்திலேர்ந்து சேந்து வந்த சனங்க. ஏத்த வேண்டியதுக்கு மேல ஏறக்குறைய இன்னொரு மடங்கு ஆளை ஏத்தியிருந்தாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல பூரா நம்ம பாஷையில அழுகை. அதனால படகில ஏறுமுன்னால எத்தனை பேருக்கு அனுமதின்னு எழுதியிருக்கிறதைப் படி, உக்காந்திருக்கிற தலையை எண்ணு, லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்தில மாட்டிப் போஸ் கொடுக்காம வார் இழுத்துக் கட்டு. கணக்கு மிஞ்சினா எறங்கிரு. ‘ஒண்ணும் ஆகாது சார்’னு படகுக்காரன் சொல்லுவான், கூட வந்தவனும் சொல்லுவான். கொடுத்த காசு போனா போகட்டும், நான் தரேன்.

தரேன்னு சொன்னதை எழுதி வச்சுக்காதே.

நீ போட்டிருக்கிற திட்டத்தைப் பாத்தேன். கடைசி நாள் காலையில ஹாவ்லாக்கில எந்திரிச்சு, கப்பல்ல வந்து, மத்தியானமே விமானம். பலே. கப்பலும் காத்தும் உங்கப்பன் வீட்டு வேலைக்காரங்கன்னு முடிவே பண்ணிட்டே. 2016 டிசம்பர்ல ஒரு புயல் சின்னம் வந்து உக்காந்துச்சு. கப்பலெல்லாம் நின்னு போயி, ஹாவ்லாக், நீல் தீவில ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாக்காரங்க நாள்கணக்கா மாட்டிக்கிட்டாங்க. கப்பற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் கூட்டிட்டு வந்தாங்க. அதுவும் ஐந்நூறு ஆயிரம் ரூபா நோட்டு செல்லாதுன்னு சொல்லி ஒரு மாசம் ஆகிற நேரம். கையில இருந்த காசும் காசில்ல, ஏடிஎம்மிலயும் காசில்ல, சீ வியூ மட்டும் இருபத்துநாலு மணி நேரமும். அதனால கடைசி ராத்திரி போர்ட் பிளேர்லதான். மொதல்ல ஹாவ்லாக், நீல் ரெண்டையும் முடி, அப்புறம் ஊருக்குள்ள சுத்து. கையில கொஞ்சம் ரொக்கமும் வச்சுக்கோ. இன்னொண்ணு, ஆழத்தில முங்கற டைவிங் போனா அதுக்கப்புறம் பதினெட்டு மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில காத்துக் குமிழி கட்டும். சொல்லித் தர்றவங்களே சொல்லுவாங்க, நீ பொண்ணு முன்னால தைரியம் காட்டறேன்னு கேக்காம விட்டிருவே.

ஹாவ்லாக்கில கடற்கரை ஓரத்துக் குடிசைதான் வேணும்னு பொண்ணு ஆசைப்படுதாம். எடு, நல்லாத்தான் இருக்கும். மணல் ஈ கடிச்சா ஒரு வாரம் சொறியணும், தேங்காயெண்ணெய் தடவிக்கோ. ஒரே ஒரு காரியம் பண்ணு. மொத நாளே அங்கேர்ந்து மேட்டுக்குப் போற வழி எதுன்னு கேட்டு ஒருவாட்டி நடந்து பாத்திரு. 2004 டிசம்பர் 26 காலையில பூமி ஆடின பிறகு, கடல் உள்ள வர்றதுக்குக் கொஞ்ச நேரம் இருந்துச்சு. வேடிக்கை பாக்க கீழ எறங்கினவங்க உண்டு. சிப்பிகாட் பக்கம் நிலமே தாழ்ந்து போயி வயல்ல ஏறின கடல் அங்கயே தங்கிருச்சு, வண்டூர் போற வழியில நீயே பாப்பே. தரை ரொம்ப நேரம் ஆடுச்சுன்னா போனை எடுக்காதே, பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு மேட்டைப் பாத்து ஓடு. பெட்டியை விட்டிரு. அதில எப்படியும் நீ போடாத சட்டைதான் இருக்கும்.

பாராடாங் குகை பாக்கப் போனா ஜிர்காடாங்ல வண்டியையெல்லாம் வரிசையா நிறுத்தி, போலீஸ் காவலோட விடுவாங்க. ஜாரவாக்காரங்க காடு அது. 1956-லேர்ந்தே பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. போட்டோ எடுக்கிறது, பிஸ்கட்டு நீட்டறது, கண்ணாடியை எறக்கிக் கையாட்டறது எதுவும் கூடாது. உங்க வீட்டு வாசல்ல ஒருத்தன் பஸ்ஸை நிறுத்தி உங்கப்பாவைப் படம் எடுத்தா நீ என்ன பண்ணுவே? வடக்கு சென்டினல் பக்கம் போக உனக்கு வழியும் இல்ல, அஞ்சு கடல்மைலுக்குள்ள யாரும் நெருங்கக் கூடாது. 2018-ல மதம் பரப்பப் போன ஒரு அமெரிக்கனை அந்தத் தீவுக்காரங்க அம்பெய்து கொன்னாங்க. 2025 மார்ச்சில இன்னொரு அமெரிக்கன் ரப்பர் படகில போயி, கரையில ஒரு தேங்காயும் ஒரு டின் டயட் கோக்கும் வச்சிட்டு வந்து போலீஸ்கிட்ட மாட்டினான். பல்லாயிரம் வருஷமா வேட்டையாடித் திங்கிற சனத்துக்கு சர்க்கரை கம்மியா இருக்கணும்னு எவ்வளவு அக்கறை பாரு.

பவளப் பாறைத் துண்டு, சங்கு, சிப்பின்னு கரையில கிடக்கிறதைப் பொறுக்கிப் பெட்டியில போடாதே. செத்த பவளமானாலும் குத்தம்தான், ஏர்போர்ட்டில பெட்டியைக் கிளறி எடுத்திருவாங்க. ஞாபகார்த்தமா எதாவது வேணும்னா கடையில பில்லு போட்டு வாங்கு. அங்கயும் பேரம் பேசு, எனக்குத் தெரிஞ்சவன் கடைன்னா பேசாதே.

இவ்வளவு கேட்டியே, உங்க வீட்டில தங்கலாமா மாமான்னு ஒரு வார்த்தை கேக்கலியேன்னு உன் அத்தை மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா. ‘சின்னஞ்சிறுசுங்க, தனியா இருக்கட்டும்’னு சொல்லிச் சமாளிச்சேன். உன் லிஸ்டை அவகிட்டக் காட்டின பிறகுதான் சிரிச்சா. ஏழாவதா ஒண்ணு போட்டிருக்கியே, ‘டிலானிப்பூர் மேட்டில் அமைதியான குடும்பச் சூழல், தமிழ்ச் சாப்பாடு, சீ வியூ’ன்னு? அந்த போட்டோவில வாழைமரத்துக்குப் பின்னால கொடியில காயற நீலக் கட்டம் போட்ட கைலி என்னோடது. சீ வியூன்னு எழுதினது உன் மச்சான், மொட்டை மாடியில சிண்டெக்ஸ் தொட்டி மேல ஏறி நின்னா தெரியத்தான் செய்யுது. தொட்டி ரெண்டாயிரம் லிட்டர். அதில புக் பண்ணிராதே, கமிஷனை அவன் பிடிச்சுக்குவான். நேரா எனக்கு போன் பண்ணு.